பின்வளவுப் பூட்டு

அத்தியாயம் ஏழு

"களவு பிடிபட்டிட்டுது சேர்," என்றாள் பெர்னடெட். "டிஸ்க்கின்ரை முதுகிலை ஒரு ரெராபைட் எண்டு எழுதிக் கிடக்கு. உள்ளுக்கை தொளாயிரத்துச் சொச்சம் ஜிபிதான் காட்டுது. மிச்சத்தைக் கஜானன் அண்ணை வித்துத் திண்டிட்டார்."

கஜானன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தான். கொக்குவில் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன் அவன். ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் கடை அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். கடந்த ஒரு கிழமையாக ரயில் மட்டும்தான் அந்தப் பக்கம் வந்தது, வாடிக்கையாளர் வரவில்லை.

"அது உலகம் முழுக்க அப்பிடித்தான் பிள்ளை. செய்து விக்கிறவன் ஒரு கணக்கிலை எண்ணுவான், கொம்பியூட்டர் இன்னொரு கணக்கிலை எண்ணும். அதிலை களவில்லை."

"எங்கடை சந்தையிலை மீன் தராசு உப்பிடி எண்ணினால் அடி விழும்."

"பெர்னடெட்," என்றார் பிரகலாதன். அவ்வளவுதான் சொன்னார். அவர் அவளை அதட்டுவதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு முடிந்துவிடும்.

பிரகலாதன் நீர்வேலிக்காரர். தலை நரைக்கும்வரை காணி அளந்தவர். ஒரு முழ வேலிக்காக அண்ணனும் தம்பியும் கத்தி தூக்குவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், அளவுச் சங்கிலியை மடித்து வைத்துவிட்டுத் துப்பறியும் கந்தோர் திறந்தார். அங்கேயும் வந்து சேர்ந்தது அதே சனம்தான். கனடா மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா, பொம்பிளைப் பகுதி எதை மறைக்கிறது என்று விசாரிக்கிற வேலையில் மனிசரைப் பற்றி நல்லதாக ஒன்றும் நினைக்க முடியாது. அவருக்கு உதவியாளாக வந்தவள் குருநகர் பெர்னடெட். அவளுடைய வாய்க்குப் பயந்து பொய் சொல்கிறவர்கள் பாதி வழியிலேயே உண்மையைக் கக்கிவிடுவார்கள் என்பதால் அவர் அவளை வைத்திருந்தார். அவளும் அதைத் தெரிந்துகொண்டுதான் கதைத்தாள்.

இந்த முறை வந்தது கலியாண விசாரணை அல்ல. குருநகரில் மீன் விற்கிற லூர்த்தம்மாவின் இளைய மகன் டினேஸ், கடலால் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவன். வள்ளம் நடுக்கடலில் உடைந்தது. உடல்கூட வந்து சேரவில்லை. ஏற்றி அனுப்பிய ஏஜென்சிக்காரர் ஆழ்வாப்பிள்ளை, நெற்றி நிறைய விபூதியோடு கோட்டில் நீதவான் முன்னால் நின்று, அந்த மனிசியைத் தான் கண்டதே இல்லை, குருநகரில் ஒரு வீட்டு வாசலும் மிதித்தது இல்லை என்று சத்தியம் பண்ணியிருந்தார்.

மிதித்திருந்தார். கதிரையில் வசதியாக இருந்து நண்டுக்கறியோடு சோறும் தின்றிருந்தார். அதை டினேஸ் கமராவில் எடுத்து, பயணம் போக முதல் தன்னுடைய கொம்பியூட்டரில் போட்டுவிட்டுப் போயிருந்தான். லூர்த்தம்மாவுக்குக் கொம்பியூட்டரைத் தூசி தட்ட மட்டும்தான் தெரியும். வீடியோ இருக்கிறது என்று அவள் கோட்டில் சொன்னாள், திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். லோயர் அனுப்பிய கஜானன் வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரைத் திறந்தபோது வீடியோ இல்லை. ஆழ்வாப்பிள்ளையிடம் கைநீட்டிவிட்டுக் கஜானன்தான் அழித்தான் என்று லூர்த்தம்மா சந்தை நடுவில் நின்று மண் அள்ளித் திட்டினாள். ஊரும் நம்பிவிட்டது. பழியைத் துடைக்கக் கஜானன் பிரகலாதனைக் கூப்பிட, அவர் பொறுப்பில் கொம்பியூட்டர் கடைக்கு வந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"அழியேல்லை," என்றான் கஜானன். "அதைத்தான் உங்களுக்குக் காட்டக் கூப்பிட்டனான்."

திரையில் நீளமாக ஒரு பட்டை தெரிந்தது. பட்டை மூன்று துண்டாகப் பிரிந்திருந்தது.

"இது சி. இது டி. சாதாரணமாத் திறந்தால் உந்த ரெண்டும்தான் தெரியும். டி-யின்ரை வால் பக்கத்தைச் சுருக்கி, மிஞ்சின இடத்திலை மூண்டாவது துண்டு ஒண்டு வெட்டியிருக்கு. அதுக்கு எழுத்துக் குடுக்கேல்லை. எழுத்தில்லாத துண்டு வெளியிலை தெரியாது. அதுக்கு மேலை பாஸ்வேட் பூட்டு வேறை."

பிரகலாதன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். கொம்பியூட்டர் அவருக்கு விளங்காது. ஆனால் எல்லை விளங்கும்.

"காணி உறுதியிலை முழுப் பரப்பும் இருக்கு," என்றார் மெதுவாக. "வேலிக்குள்ளை காணி குறையுது. பின்வளவைத் தனியா அடைச்சு ஆரோ பூட்டுப் போட்டிருக்கினம். பூட்டை உடைக்கலாமோ?"

"எங்கடை ஆயுளுக்கை ஏலாது. பூட்டினவன் வந்து திறந்தால்தான் உண்டு."

"பூட்டினவன் எப்பிடிப்பட்ட ஆள்?"

கஜானன் திரையை மேலே உருட்டினான். "பொறுமைசாலி. கொம்பியூட்டர் தான் செய்யிறதையெல்லாம் குறிச்சு வைக்கும், அதைப் பாத்தனான். முதலிலை டிஸ்க்கிலை பழுது இருக்கோ எண்டு சோதிச்சிருக்கு. சிதறிக் கிடந்ததை ஒதுக்கியிருக்கு. ஒரேயடியா வெட்டாமல் கொஞ்சம் சுருக்கி, திரும்பச் சோதிச்சு, பிறகும் கொஞ்சம். வீடியோவைப் புதுத் துண்டுக்குக் கொப்பி பண்ணி, அது வடிவா ஓடுதோ எண்டு போட்டுப் பாத்த பிறகுதான் பழசை எடுத்து, அந்த இடத்தையும் துடைச்சு விட்டிருக்கு. நானே இவ்வளவு பக்குவமாச் செய்யமாட்டன் சேர்."

"களவெடுக்க வந்தவன் வீட்டைக் கூட்டித் துடைச்சிட்டுப் போயிருக்கிறான்," என்றாள் பெர்னடெட். "எனக்கு வாய்க்கிறவனும் உப்பிடி இருக்கவேணும்."

கஜானன் சிரிக்கவில்லை. "இன்னொண்டு சொல்லட்டோ? இது டினேஸ் சொல்லிக் குடுக்கிற ஒழுங்கு. அவன் யூரியூப்பிலை தமிழிலை கொம்பியூட்டர் படிப்பிச்சவன். முகம் காட்டமாட்டான், குரல் மட்டும்தான். டிஸ்க்கைப் பத்திரமாப் பிரிக்கிறது எப்பிடி எண்டும் ஒரு பாடம் போட்டவன். இதைப் பாக்க எனக்கு அவனே எழும்பி வந்து செய்தமாதிரிக் கிடக்கு."

பெர்னடெட் தன்னை அறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

"ஒரு சந்தேகம்," என்றார் பிரகலாதன். "நடுவிலை கரண்ட் போனால்?"

"எல்லாம் நாசம். அதுதான் எனக்கும் விளங்கேல்லை. இது நடந்தது ஆவணி மடு மாதா திருநாள் கிழமை. அண்டைக்கு யாழ்ப்பாணம் முழுக்க கரண்ட் போறதும் வாறதுமாக் கிடந்தது. இந்த மெசின் மட்டும் ஒரு இடத்திலையும் நிக்கேல்லை. அந்த வீட்டிலை இருக்கிற யூபிஎஸ் கிழட்டு யூபிஎஸ், கொஞ்ச நேரம் கத்திப்போட்டுச் செத்திடும்."

பிரகலாதன் எழும்பினார். "ஆழ்வாப்பிள்ளை ஆள் பிடிச்சிருந்தால் வந்தவன் டிஸ்க்கை நிலத்திலை போட்டு மிதிச்சிட்டுப் போயிருப்பான். இவன் ஒளிக்கவும் வேணும், உள்ளுக்கை இருக்கிறது ஒரு சொட்டும் கெடக்கூடாது எண்டும் நினைச்சிருக்கிறான். அழிக்கிறது சுகம். ஏன் அழிக்கேல்லை?"

பெர்னடெட்டிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஸ்கூட்டியை எடுக்க வெளியே போனாள். பிரகலாதன் பின்னால் நின்று கஜானனிடம் இரகசியமாக ஏதோ சொல்லி, அவன் கொம்பியூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றித் திரும்பப் பூட்டும்வரை பார்த்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

* * *

குருநகருக்குள் நுழையும்போது பெட்டி பிரகலாதனின் மடியில் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அவர் அதைக் கைப்பிள்ளையைப் போல அணைத்துப் பிடித்தார். சந்தியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

லூர்த்தம்மா சந்தையால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றாள். பெட்டியைக் கண்டதும் ஓடிவந்து, சீலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

"கிடைச்சிட்டுதே பிள்ளை?"

"இருக்கு மாமி. ஒரு துண்டுக்குள்ளை வைச்சுப் பூட்டிக் கிடக்கு. திறக்க வேணும்."

"மாதாவே." லூர்த்தம்மா நிலத்தில் இருந்துவிட்டாள். "அவன்ரை குரலையாவது கேட்பன். உந்த ஆழ்வாப்பிள்ளை என்ரை கையாலை சோறு திண்டவன். என்ரை லெனாட்டையும் ஏமாத்திப்போட்டான். லெனாட் போய் வள்ளத்தைப் பாத்து, நல்ல வள்ளம், பயமில்லை எண்டு வந்து சொன்னபடியால்தான் நான் சின்னவனை விட்டனான். கடல்தொழில் செய்யிறவன், அவனுக்கே தெரியாமல் பூசி மினுக்கிக் காட்டியிருக்கிறாங்கள்."

மூத்தவன் லெனாட் அறை வாசலில் நின்றான். வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. பெர்னடெட்டோடு ஒரே பாட்டுக்குழுவில் பூசைக்குப் பாடியவன், பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டில் அழுதுவிடுவான் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். இப்போது அவன் பெட்டியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், பிறகு தன்னுடைய காலைப் பார்த்தான்.

"கெதியாத் திறபடுமோ?" என்று கேட்டான்.

"பின்னேரம் திறந்திடுவம்," என்றார் பிரகலாதன்.

பெர்னடெட் பெட்டியை அதன் பழைய இடத்தில் வைக்க மேசைக்குக் கீழே குனிந்தாள். சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்து நிலத்தில், யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில், வெளிறிப்போன அரைவட்டம் ஒன்று இருந்தது. சுற்றி வரச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். விரலால் தடவினாள். சீமெந்து பொருக்காகக் கையோடு வந்தது.

"உது என்ன பழுதெண்டு தெரியேல்லை," என்றாள் லூர்த்தம்மா. "மடுத் திருநாளாலை வந்து பாக்கக் கிடந்தது. சாம்பல் போட்டுத் தேச்சும் போகேல்லை."

பெர்னடெட் அந்தப் பொருக்கை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். வேறு ஊரில் பிறந்த பெண் என்றால் எறும்பு மருந்து என்று நினைத்திருப்பாள். பெர்னடெட்டின் தகப்பன் மாலையில் போட் பற்றறியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்குவார். இறக்கிய இடமெல்லாம் இப்படித்தான் வெந்து வெளிறிப்போகும். அதற்காகத் தாய் பேசாத நாள் கிடையாது.

* * *

"நீங்கள் ஒண்டும் கேக்காதேங்கோ, நான் சொல்லுறன்," என்றாள் கடற்கரையில் வைத்து. "நிலத்தை அரிச்சது பற்றறி அசிட். போட் பற்றறியையும் இன்வேட்டரையும் கொண்டுவந்து வைச்சு, கரண்ட் போகப் போக மெசினை ஓட்டியிருக்கு. அதாலைதான் நிக்கேல்லை."

பிரகலாதன் தலையாட்டினார். கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த றெஜினாவிடம் பெர்னடெட் ஏற்கெனவே ஊர்க்கதை கதைப்பது போலக் கதை எடுத்திருந்தாள். லூர்த்தம்மா மடுவில் நின்ற கிழமை லெனாட் தொழிலுக்குப் போகவில்லை, பற்றறியைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனதைக் கண்டேன் என்றாள் றெஜினா. பற்றறி பழுதாகியிருக்கும் என்று நினைத்தாளாம்.

லெனாட்டின் போட் முன்னால் நின்றது. போட் பழசு. பின்னால் பூட்டியிருந்த எஞ்சின் புத்தம் புதுசு.

"உது எப்ப வந்தது?" என்று கேட்டார் பிரகலாதன்.

"டினேஸ் வெளிக்கிட்ட கிழமை. தவணைக்கு எடுத்தவன் எண்டு மாமி ஊர் முழுக்கச் சொன்னவ. சின்னவன் போன இடத்தாலை வீட்டுக்கு முதல் வந்த நல்ல காரியம் எண்டு சுவாமியாரைக் கூப்பிட்டு மந்திரிச்சும் விட்டவ." பெர்னடெட் மண்ணைக் காலால் எத்தினாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது பிரகலாதன்மேலேயே போனது. "சேர், நாங்கள் பிழை விடுறம் எண்டு சொல்லுங்கோ. ஒருக்காலாவது உங்கடை மூளை பிழை விடாதோ?"

"பற்றறி கொண்டுவந்தது குற்றமில்லை. அவனே செய்தான் எண்டதுக்கு உது காணாது. வேறை ஆருக்கோ குடுத்தனான் எண்டு சொல்லலாம். அவன்ரை வாயாலை வரவேணும்." அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "பின்னேரம் நான் இந்தக் கண்ணாடியைத் துடைச்சால் நீ போய் மெயின் சுவிச்சை இறக்கு. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"நடுவிலை கரண்ட் போனால் நாசம் எண்டு கஜானன் அண்ணை சொன்னவர்."

"சொன்னவர்."

"அந்த மனிசியின்ரை பிள்ளை அதுக்குள்ளை இருக்கிறான் சேர்."

"பெர்னடெட்," என்றார் அவர்.

* * *

பின்னேரம் நாலு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் இருந்தார்கள். திரையில் பச்சைக் கோடு ஒன்று அரக்கி அரக்கி நகர்ந்தது. லூர்த்தம்மா செபமாலையை உருட்டிக்கொண்டு கதிரை நுனியில் இருந்தாள். லெனாட் கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"பூட்டு உடைபடுது," என்றார் பிரகலாதன். "பாதி வந்திட்டுது. ஒரேயொரு பயம்தான். இப்ப நடுவிலை மெசின் நிண்டால் அந்தத் துண்டு முழுக்கச் செத்திடும். பிறகு ஆண்டவர் வந்தாலும் எடுக்க ஏலாது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேட் நுனியால் துடைத்தார்.

தண்ணீர் குடிக்கப் போகிறவள் போலப் பெர்னடெட் எழும்பினாள். மெயின் சுவிச்சு குசினி வாசலுக்கு மேலே இருந்தது. கையை வைத்துவிட்டு ஒரு கணம் நின்றாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரின் பொய்யைக் கிழித்திருக்கிறாள், ஒரு தாயின் பிள்ளையை இரண்டாம் தரம் கடலில் தாழ்க்கிற வேலையை இதுவரை செய்ததில்லை. மனதுக்குள் பிரகலாதனைத் திட்டிக்கொண்டே இறக்கினாள்.

காற்றாடி நின்றது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.

"கரண்ட் போட்டுது," என்றாள் லூர்த்தம்மா. "சேர், கரண்ட் போட்டுது. என்ரை பிள்ளை."

"யூபிஎஸ் கொஞ்சம் தாங்கும்," என்றார் பிரகலாதன். அவருடைய குரலில் ஒன்றும் இல்லை. "கொஞ்சம்தான்."

பெர்னடெட் குசினி வாசலில் நின்று லெனாட்டையே பார்த்தாள். அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா நின்றால் போதும். கிழட்டு யூபிஎஸ் கத்திக் களைத்துச் சாகும், வீடியோ போகும், பழி மின்சார சபையோடு முடியும். ஒருவரும் ஒருபோதும் அவனைக் கேட்கப்போவதில்லை. நில்லடா என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். அசையாதை, நாங்கள் பிழை விட்டவையாகவே போறம்.

யூபிஎஸ்ஸின் கத்தல் இடைவெளி இல்லாமல் நீளத் தொடங்கியது.

லெனாட் பாய்ந்தான். கட்டிலுக்குக் கீழே கைவிட்டு, சாக்கால் மூடிக் கிடந்த போட் பற்றறியை ஒரே இழுவையில் இழுத்தான். இன்வேட்டர் அதோடேயே கட்டிக் கிடந்தது. மேசைக்குக் கீழே முழங்காலில் விழுந்து, அந்த வெளிறிய அரைவட்டத்தின் மேலேயே பற்றறியை இறக்கினான். யூபிஎஸ் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி இன்வேட்டரில் சொருகினான். கண்ணால் பார்க்காமலே கை இடம் கண்டது.

கத்தல் நின்றது. திரை அணையவில்லை.

"போகேல்லை," என்றான் மூச்சு வாங்கியபடி. "அம்மா, தம்பி போகேல்லை."

பிறகுதான் மற்ற மூன்று பேரும் தன்னையே பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் மேசைக்குக் கீழேயே இருந்தான், எழும்பவில்லை.

"நல்லாச் செய்யிறாய்," என்றார் பிரகலாதன். "போன முறையும் இதே இடத்திலைதான் வைச்சனீயோ?"

லெனாட் பற்றறியிலிருந்து கையை எடுத்தான்.

"திரையிலை ஓடினது சும்மா ஒரு சோதனை, தம்பி. நிண்டிருந்தாலும் ஒண்டும் ஆகாது. இது கஜானன் முதலே எடுத்து வைச்ச கொப்பி. மூல டிஸ்க் அவன்ரை அலுமாரியிலை கிடக்கு." சொல்லிவிட்டு அவர் பெர்னடெட்டின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவளுடைய பார்வையில் எரிந்திருப்பார்.

லூர்த்தம்மா ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தாள். "என்ன கதைக்கிறியள்? லெனாட், என்னடா இது?"

"நான்தான் ஒளிச்சனான் அம்மா."

"ஏன்?"

அவன் வேறொன்றுக்குப் பதில் சொன்னான். "அழிக்கத்தான் இருந்தனான். ஏலாமல் போச்சு. பாடமெல்லாத்திலையும் அவன்ரை குரல்தானே இருக்கு. முகத்தோடை சிரிக்கிறது உதிலை மட்டும்தான் கிடக்கு. எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. அவன்ரை பாடத்தை ஃபோனிலை போட்டு, நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டு, அவன் சொன்னமாதிரியே செய்தனான். அவசரப்படாதேங்கோ, கரண்டைப் பாத்துக்கொள்ளுங்கோ, ஒருக்காலுக்கு ரெண்டுதரம் சோதியுங்கோ எண்டு அவன்தான் சொல்லித் தந்தவன். யூபிஎஸ் இல்லாட்டி அண்ணையின்ரை போட் பற்றறியைக் கடன் வாங்குங்கோ எண்டும் சொல்லிச் சிரிச்சவன்."

"பாஸ்வேட்டைப் போடு," என்றார் பிரகலாதன்.

லெனாட் எழும்பி வந்து போட்டான். தடித்த விரல்கள், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தின. பெர்னடெட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீடியோவில் இதே வீடு. மேசையில் பேப்பர் விரித்து, நண்டுக் கோது குவிந்து கிடந்தது. ஆழ்வாப்பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார், நெற்றியில் அதே விபூதி. "ஐயா, கமராவைப் பாருங்கோ," என்றது டினேஸின் குரல். லூர்த்தம்மாவின் கையில் செபமாலை நின்றது. வீடியோவில் இருந்த லூர்த்தம்மா சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். டினேஸ் கமராவை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனான். கமரா ஓடிக்கொண்டிருந்தது.

லெனாட்டின் குரல் தாழ்ந்து கேட்டது. "ஐயா, வள்ளத்தைப் பாத்தனான். அடிப்பலகை உக்கிப்போச்சு. தண்ணி கசியுது."

"கொஞ்ச நாள் ஓட்டம்தானே. தாங்கும். வீட்டிலை என்ன சொன்னனீ?"

"நல்ல வள்ளம் எண்டுதான் சொன்னனான். அந்த எஞ்சின் விசயம்..."

"தம்பி ஏறின உடனை உன்ரை கரைக்கு வரும்."

ஆள் நடந்து வரும் சத்தம். கமரா ஆடியது. முகம் கழுவிய ஈரத்தோடு டினேஸ் கமராவைத் தன் பக்கம் திருப்பிச் சிரித்தான். "அம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் நண்டு." அதோடு முடிந்தது.

ஆழ்வாப்பிள்ளையைக் கட்டிப்போட வந்த கயிற்றின் மற்றத் தலைப்பில் யார் நிற்கிறான் என்று இப்போது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பெர்னடெட்டுக்கு உலகத்தில் உள்ள எல்லா எஞ்சின்களையும் கடலில் தள்ள வேண்டும் போல் இருந்தது.

"நான் அப்ப சோறு போட்டுக்கொண்டு நிண்டனான்," என்றாள் லூர்த்தம்மா.

லெனாட் சுவரோடு சரிந்து இருந்தான். "தாங்கும் எண்டு அவர் சொன்னவர் அம்மா. நானும் தாங்கும் எண்டுதான் நினைச்சனான்." அதை அவன் தாயிடம் சொன்னானா தனக்கே சொன்னானா தெரியாது. நாள்தோறும் கடலுக்குப் போகிறவன், உக்கிய பலகை என்ன தாங்கும் என்று தெரியாதவனல்ல.

"சேர்," என்றாள் பெர்னடெட் அடிக்குரலில். "நடுத்துண்டை வெட்டிப்போட்டுக் குடுக்க ஏலாதோ? சோறு தின்னுறது காணுமே."

"வெட்டினது தெரிஞ்சால் ஆழ்வாப்பிள்ளையின்ரை லோயர் முழுசையும் தூக்கி எறிஞ்சிடுவார். அந்த ஆள் சிரிச்சுக்கொண்டு வெளியிலை வந்து அடுத்த வள்ளத்துக்கு ஆள் பிடிப்பார். குடுத்தால் முழுசாக் குடுக்கவேணும். முழுசாக் குடுத்தால் ரெண்டு பேரும் போவினம்." பிரகலாதன் லூர்த்தம்மாவைப் பார்த்தார். "அம்மா, இது உங்கடை பொருள். வேண்டாம் எண்டால் இப்பவே அழிச்சிடலாம். கஜானனிட்டை இருக்கிறதையும் சேர்த்து. நாங்கள் ஒண்டும் காணேல்லை."

இத்தனை காலத்தில் அவர் ஒரு சாட்சியை அழிக்கலாம் என்று சொன்னதைப் பெர்னடெட் கேட்டதில்லை.

லூர்த்தம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள். சட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் கோப்பை இருந்தது, சோறும் மீன்குழம்பும். அதைக் கொண்டுபோய் லெனாட்டுக்கு முன்னால் நிலத்தில் வைத்தாள்.

"தின்."

"அம்மா."

"திண்டிட்டு வெளிக்கிடு. சின்னவனை நான் வயிறு நிறையக் குடுத்துத்தான் அனுப்பினனான். உன்னையும் அப்பிடித்தான் அனுப்புவன்." அவள் குரல் உயரவே இல்லை. "பொலிசுக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். சேர், முழுசாக் குடுங்கோ. ஒரு சொட்டும் வெட்டாதேங்கோ."

பெர்னடெட் போய் மெயின் சுவிச்சை ஏற்றினாள். காற்றாடி சுழன்றது, திரு இருதயப் படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. எதையாவது சொல்லி அந்த அறையை இலேசாக்க வேண்டும் என்று தேடினாள். கடைசியில் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து லெனாட்டின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

லெனாட் சாப்பிட்டான். அழுதுகொண்டே, ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டான். அவன் கை கழுவ எழும்பியபோது, லூர்த்தம்மா பூசைக்குப் போகிற சீலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.